பயனர் அனுபவ வடிவமைப்பு

பயனர் அனுபவ வடிவமைப்பு என்பது ஒரு பொருளை, மென்பொருளை அல்லது சேவையைப் பயன்படுத்துபவர் தம் வேலையைத் தடுமாறாமல் முடிக்கும்படி அதைத் திட்டமிடும் துறை. மென்பொருள் நிறுவனங்களில் இதை யூஎக்ஸ் என்பார்கள். நிறம், எழுத்துரு, பொத்தான் என்று திரையில் தெரிபவற்றைக் கவனிக்கும் இடைமுக வடிவமைப்பு, அதாவது யூஐ, இதன் ஒரு பகுதி மட்டுமே. ஐஎஸ்ஓ 9241-210 என்ற பன்னாட்டுத் தரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒன்றைப் பயன்படுத்தும்போது எழும் எண்ணங்களோடு, பயன்படுத்தப்போகிறோம் என்ற எதிர்பார்ப்பில் எழும் எண்ணங்களையும் அது பயனர் அனுபவம் என்ற சொல்லுக்குள் கொண்டுவருகிறது. ரயில் டிக்கெட் எடுக்கும் செயலியை எடுத்துக்கொண்டால், கணக்கில் பணம் போய் டிக்கெட் வராதபோது வரும் குறுஞ்செய்தியும், அந்தப் பணம் திரும்பி வர ஆகும் நாள்களும், பரிசோதகர் கேட்கும் நேரத்தில் கைபேசியில் சிக்னல் இல்லாமல் போவதும் வடிவமைப்பாளர் யோசிக்க வேண்டிய விஷயங்கள்.

பயன்படுத்துபவர் தவறு செய்தால் அவரைக் குறைசொல்லும் முன் பொருளைப் பார்க்க வேண்டும் என்பதுதான் இத்துறையின் அடித்தளம். மற்றக் கோட்பாடுகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவை.

வரலாறு

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் சில பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு ஓடுதளத்திலேயே வயிறு உரசிச் சேதமடைந்தன. இறக்கை மடல்களை மடக்க நினைத்த விமானி, தவறுதலாகச் சக்கரங்களை மடக்கியிருப்பார். விமானியின் பிழை என்று பதிவாகிவந்த இவற்றை ஆராய்ந்த உளவியலாளர் அல்போன்ஸ் சாபனிஸ், இரண்டு விசைகளும் ஒரே உருவத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக் கண்டார். சி-47 விமானத்தில் அவை வேறுவிதமாக அமைந்திருந்தன. அங்கே இந்தக் குழப்பம் இல்லை. சக்கர விசையின் நுனியில் சிறு ரப்பர்ச் சக்கரமும், மடல் விசையின் நுனியில் ஆப்பு வடிவத் துண்டும் பொருத்துவதே அவர் சொன்ன தீர்வு. இன்றைய பயணிகள் விமானங்களிலும் சக்கரத்தை இறக்கும் நெம்புகோலின் தலை சக்கர வடிவில்தான் இருக்கிறது. 1947-இல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் இதே போன்ற 460 ‘விமானிப் பிழை’களைத் திரட்டி வகைப்படுத்தினர். அவற்றில் ஒரு விசையை இன்னொன்றாக எண்ணி இயக்கியவையே மிகுதி.

போருக்குப் பின் இந்தப் பார்வை தொலைபேசிக்கு வந்தது. பெல் ஆய்வகத்தில் ஜான் கார்லின் தலைமையிலான குழு, எண்களை எப்படி அடுக்கினால் மக்கள் விரைவாகவும் தவறில்லாமலும் அழுத்துகிறார்கள் என்று பல வரிசைகளை ஆட்களிடம் கொடுத்துச் சோதித்தது. 1-2-3 மேல் வரிசையில் வரும் அமைப்பு தேர்வாகி 1963 நவம்பரில் சந்தைக்கு வந்தது. கணக்குப் பொறிகளில் அப்போதே 7-8-9 மேலே இருந்தது. இந்தப் பிளவு இன்றும் ஒட்டப்படவில்லை. ஒரே கைபேசியில் எண் சுழற்றும் திரையையும் கால்குலேட்டரையும் அடுத்தடுத்துத் திறந்து பார்த்தால் தெரியும்.

சுட்டியும் சாளரமும் ஐகான்களும் கொண்ட ஜெராக்ஸ் ஸ்டார் 1981-இலும், ஆப்பிளின் மெக்கின்டாஷ் 1984-இலும் வந்தபின், வல்லுநர் அல்லாதவர் கைக்கும் கணினி போயிற்று. 1993-இல் ஆப்பிளில் சேர்ந்த அறிவியலாளர் டான் நார்மன், ‘பயனர் அனுபவம்’ என்ற சொல்லைத் தம் பதவிப் பெயரிலேயே சேர்த்துக்கொண்டார். அதன்பிறகு அது துறையின் பெயராக நிலைத்தது.

இரண்டு வாக்குச்சாவடிகள்

இத்துறை அழகைப் பற்றியது என்று நினைப்பவருக்கு 2000-ஆம் ஆண்டின் அமெரிக்க அதிபர் தேர்தலைக் காட்டலாம். புளோரிடாவின் பாம் பீச் மாவட்டத்தில் வேட்பாளர் பட்டியல் நீண்டிருந்தது. முதியவர்கள் படிக்கும்படி எழுத்தைப் பெரிதாக்க, பெயர்களை இடம் வலம் என இரு பக்கங்களில் பிரித்து, துளையிடும் இடங்களை நடுவில் ஒரே நிரலாக வைத்தார்கள். இடப்பக்கத்தில் புஷ் முதலாவது, கோர் இரண்டாவது. ஆனால் நடுவிலிருந்த இரண்டாவது துளை வலப்பக்கத்து புக்கானனுக்கு உரியது; கோருக்கு மூன்றாவது. புக்கானனுக்கு அங்கே 3,400-க்கு மேல் வாக்குகள் விழுந்தன. அவர் கட்சிக்கு அங்கிருந்த செல்வாக்கோடு அது சற்றும் பொருந்தவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட துளை விழுந்து செல்லாமல் போன சீட்டுகள் 19,000-க்கு மேல். மாநிலம் முழுவதிலும் வெற்றியைத் தீர்மானித்த வித்தியாசம் 537 வாக்குகள். எழுத்தைப் பெரிதாக்கியது நல்லெண்ணம்தான். அந்த நல்லெண்ணமே பெயருக்கும் துளைக்கும் இருந்த தொடர்பைக் கெடுத்தது.

இதோடு இந்திய மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை ஒப்பிடுவது பயனுள்ளது. மும்பை ஐஐடியின் தொழில்வடிவமைப்பு மையத்தைச் சேர்ந்தவர்கள் அதன் வடிவமைப்பில் பங்கேற்றார்கள். 1982-இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் சில சாவடிகளில் முதன்முதலாகப் பயன்பட்டது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுவதும் அதில்தான் வாக்களித்தது. ஒரு வாக்குப்பதிவு அலகில் 16 வரிசைகள். வேட்பாளர் பெயர், சின்னம், விளக்கு, நீலப் பொத்தான் நான்கும் ஒரே கிடைக்கோட்டில் வருகின்றன. விரல் வேறு வரிசைக்கு வழுக்க இடமில்லை. வாக்காளரின் முறை வந்ததும் மேலே பச்சை விளக்கு எரிகிறது. பொத்தானை அழுத்தினால் பக்கத்தில் சிவப்பு விளக்கு, கூடவே நீண்ட பீப் ஒலி. அதன்பிறகு எதை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. அடுத்தவருக்கு அதிகாரி திறந்துவிட வேண்டும். ஒப்புகைச் சீட்டு இயந்திரம் சேர்ந்த பிறகு, விழுந்த வாக்கு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரிகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சின்னம், பார்வையற்றவருக்கு பிரெயில். இந்த இயந்திரத்தின் நம்பகத்தன்மை பற்றிய அரசியல் வாதங்கள் தனி. பயன்பாடு என்ற கோணத்தில் மட்டும் பார்த்தால், பாடப்புத்தகத்தில் வைக்கத் தகுந்த பொருள் அது.

அடிப்படைக் கருத்துகள்

மேலே கண்ட இரண்டிலும் நார்மன் 1988-இல் வெளியிட்ட, அன்றாடப் பொருள்களைப் பற்றிய நூலில் விளக்கிய கருத்துகள் பல அடங்கியிருக்கின்றன. எதை அழுத்தலாம், எதை இழுக்கலாம் என்பதைப் பொருளே காட்ட வேண்டும். கட்டுப்பாடும் அதன் விளைவும் இடத்தால் பொருந்த வேண்டும். தவறான செயலுக்கு வழியே இருக்கக் கூடாது. செய்தது பதிவாயிற்றா என்பது உடனே தெரிய வேண்டும்.

கடைசியாகச் சொன்ன மறுமொழிக்கு நம் தெருவிலேயே உதாரணம் இருக்கிறது. யூபிஐ பரவிய புதிதில் டீக்கடைக்காரர் ஒவ்வொரு வாடிக்கையாளரின் கைபேசியையும் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு கையில் டம்ளர், மறு கையில் பாய்லர் குழாய். தம் கைபேசியை எடுத்துக் குறுஞ்செய்தி பார்க்க நேரமில்லை. பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி நழுவுபவர்களும் இருந்தார்கள். தொகையைத் தமிழில் உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டி வந்தபின், அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. செயலியின் திரையை எவ்வளவு மெருகேற்றியிருந்தாலும் இந்தச் சிக்கல் தீர்ந்திருக்காது, ஏனென்றால் கடைக்காரரின் கண் திரையில் இல்லை.

அளந்து கண்ட விதிகளும் சில உண்டு. இலக்கு பெரிதாகவும் பக்கத்திலும் இருந்தால் விரல் விரைவாக எட்டும் என்பது 1954-இல் ஃபிட்ஸ் கண்டது. கைபேசிச் செயலிகளின் முக்கியப் பொத்தான்கள் கட்டைவிரலுக்கு அருகில், திரையின் அடியில் இருப்பதற்கு இதுவே காரணம். தெரிவுகள் கூடக்கூட முடிவெடுக்கும் நேரம் கூடும் என்பது ஹிக்கின் விதி.

செயல்முறை

பிரிட்டனின் டிசைன் கவுன்சில் 2005-இல் முன்வைத்த ‘இரட்டை வைரம்’ என்ற வரைபடம் பல பாடத்திட்டங்களில் உண்டு: சிக்கலை விரித்துப் பார், சுருக்கு, தீர்வுகளை விரி, சுருக்கு. ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட்டின் ஐந்து தளங்களும் அதேபோல் பிரபலம்: நோக்கம், எல்லை, கட்டமைப்பு, சட்டகம், மேற்பரப்பு. உண்மையான திட்டங்கள் இத்தனை ஒழுங்காக நடப்பதில்லை. சோதனையில் கிடைத்த ஒரு பதில் முதல் கட்டத்துக்கே இழுத்துக்கொண்டு போகும். கெடு தேதி இரண்டு கட்டங்களை விழுங்கிவிடும்.

தொடக்கம் ஆய்வு. மக்களிடம் ‘என்ன வேண்டும்’ என்று கேட்பதைவிட அவர்கள் வேலை செய்யும் இடத்துக்குப் போய்ப் பார்ப்பது மேல். கேட்டால் செயலியை வாரம் ஒருமுறை திறப்பதாகச் சொல்பவர், பார்த்தால் பாஸ்வேர்டை டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்து மகனைக் கூப்பிட்டுத்தான் திறப்பார். கண்டதைத் தொகுக்க, 1990-களின் இறுதியில் ஆலன் கூப்பர் பரப்பிய ‘பெர்சோனா’ உதவுகிறது. அது ஆய்வில் கண்ட பலரின் நடத்தையை ஒருவராகத் திரட்டிய கற்பனைப் பயனர். ஆய்வே செய்யாமல் அறைக்குள் உட்கார்ந்து உருவாக்கிய பெர்சோனாக்கள், குழுவுக்கு ஏற்கெனவே இருந்த நம்பிக்கையைத்தான் திருப்பிச் சொல்லும்.

அடுத்து, எதை எங்கே வைப்பது என்ற தகவல் கட்டமைப்பு. தலைப்புகளைச் சீட்டுகளில் எழுதிப் பயனர்களிடமே கொடுத்து, சேர்ந்தவற்றை அடுக்கச் சொல்வது இதற்கான எளிய முறை. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் அரசு இரண்டு துறைகளாகப் பிரித்து வைத்திருக்கும். மனை வாங்கப் போகிறவர் மூன்று சீட்டையும் ஒரே குவியலில் போடுவார். பிறகு நிறமில்லாத சட்டகப் படம், அதன்பின் ஃபிக்மா போன்ற கருவிகளில் தொட்டால் நகரும் முன்மாதிரி. காகிதத்தில் வரைந்ததும் முன்மாதிரிதான். முதல் சுற்றுக்கு அதுவே நல்லது, ஏனெனில் பளபளப்பாக இருப்பதைக் குறைசொல்ல மக்கள் தயங்குவார்கள்.

சோதனை

செயல்முறையின் இதயம் பயன்பாட்டுச் சோதனை. ஒருவரை உட்காரவைத்து, வேலையைக் கொடுத்து, நினைப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கவனிப்பது. கேள்வியின் சொற்களில் கவனம் வேண்டும். ‘உங்கள் அம்மாவுக்கு 500 ரூபாய் அனுப்புங்கள்’ என்பது சரியான பணி. ‘பணம் அனுப்பு என்ற பொத்தானை அழுத்துங்கள்’ என்றால் விடையைச் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். பங்கேற்பவர் ‘இது எங்கே போகும்?’ என்று கேட்டால், ‘எங்கே போகும்னு நினைக்கிறீங்க?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். அவர் அரை நிமிடம் தவறான இடத்தைத் தேடும்போது வாய் திறக்காமல் இருப்பது, வடிவமைத்தவருக்குத்தான் மிகக் கடினம்.

எத்தனை பேர் போதும்? ஐந்து பேரிடம் சோதித்தால் சுமார் 85 சதவீதச் சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று யாகோப் நீல்சன் சொன்னது பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. ஒவ்வொருவரும் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களைக் காட்டுவார் என்ற கணக்கில் வந்த எண் அது. முதல்முறைப் பயனரும் பழகியவரும் கலந்திருந்தால், அல்லது சிக்கல் அரிதாகத் தலைகாட்டுவதாக இருந்தால், ஐந்து போதாது. நீல்சனின் வாதமே சிறு சோதனையைத் திருத்தித் திருத்திப் பலமுறை நடத்துங்கள் என்பதுதான். மேற்கோள் காட்டுபவர்கள் அந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய பத்துக் கேள்விப் பட்டியல் இன்றும் பயன்படும் அளவுகோல். 100-க்கு மதிப்பெண் தந்தாலும் அது சதவீதம் அல்ல. 68 சராசரியாகக் கொள்ளப்படுகிறது.

தமிழ் இடைமுகம், அணுகல்

ஆங்கிலத்தில் வரைந்த திரையில் தமிழைக் கொண்டுவந்து கொட்டினால் பொத்தானுக்குள் சொல் அடங்காது. பாதியில் மூன்று புள்ளியோடு நிற்கும். வரி இடைவெளி போதாவிட்டால் எழுத்துகளின் கீழ்ப்பகுதி அடுத்த வரியோடு மோதும். உள்ளீட்டில் இன்னும் நுட்பமான பாடம் உண்டு. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் வரும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ‘அம்மா’வுக்கு நான்கே தட்டல். பழகியவருக்கு அதைவிட வேகமானது அரிது. ஆனாலும் கைபேசியில் பலர் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்தே தட்டுகிறார்கள், ஏற்கெனவே தெரிந்த விசைகள் என்பதால். பழகிய பின் வரும் வேகமும் முதல் நாளிலேயே வரும் எளிமையும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான இணைய வழிகாட்டி விதிகளின் 2.2 பதிப்பு 2023-இல் வந்தது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 மாறுபாடு வேண்டும் என்பது அவற்றுள் பலரும் மீறும் விதி. வெளிர்சாம்பல் எழுத்தின் மீதுள்ள மோகம்தான் காரணம். அந்தத் திரையை நண்பகல் வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் பிடித்தால், பார்வை நன்றாக உள்ளவருக்கும் எதுவும் தெரியாது.

ஏய்க்கும் வடிவமைப்பு

இதே அறிவைப் பயனருக்கு எதிராகத் திருப்புவதும் நடக்கிறது. 2010-இல் ஹாரி பிரிக்னல் இதற்கு ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயரிட்டார். கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, ‘இன்னும் இரண்டே அறைகள்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கடைசித் திரையில் கட்டணத்தைக் கூட்டுவது ஆகியவை இதில் சேரும். இவை கவனக்குறைவால் நேர்பவை அல்ல. எந்தத் திரையில் எத்தனை பேர் ஏமாறுகிறார்கள் என்று அளந்து செம்மைப்படுத்தப்படுபவை. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு விதிகள் இப்படி 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடைசெய்கின்றன. சந்தாவை ரத்துசெய்யும் வழியை மறைப்பதும், அதைச் சுற்றி வளைத்து நீட்டுவதும் அவற்றில் ஒரே வகையாக, ‘சந்தாப் பொறி’ என்ற பெயரில் வருகின்றன.