மாறா எடை

எடையறி பகுப்பாய்வில் ஒரு கலத்தைச் சூடாக்கி, ஆறவைத்து, எடை பார்த்து, மறுபடியும் அதே மாதிரி சூடாக்கி ஆறவைத்துப் பார்க்கும்போது முந்தைய எடையே திரும்பக் கிடைத்தால், அந்தக் கலம் மாறா எடையை அடைந்துவிட்டது என்பர். பொதுவாக இரண்டு எடைகளுக்கும் இடையே 0.2 அல்லது 0.3 மில்லிகிராமுக்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடாது. ஆய்வகங்களில் இதைக் 'கான்ஸ்டன்ட் வெயிட்' என்றே சொல்கிறார்கள்.

வீழ்படிவை யாரும் தனியே எடுத்து எடை போடுவதில்லை. அது காய்ச்சும் கலமான மூசையோடு சேர்ந்தே தராசில் ஏறுகிறது. மூசையின் எடையைக் கழித்த பிறகு மிஞ்சுவதே வீழ்படிவின் எடை. ஆகவே வெறும் மூசையில் நேர்ந்த பிழை முழுவதும் வீழ்படிவின் கணக்கில்தான் போய் விழும். 30 கிராம் மூசைக்கு 2 மில்லிகிராம் ஒரு பொருட்டல்ல. அதற்குள் இருக்கும் 0.2 கிராம் பேரியம் சல்பேட்டுக்கு அதுவே 1 சதவீதம்.

பெயர்

பாடநூல்கள் இந்தக் கலத்தைப் புடக்குகை என்கின்றன. பொற்கொல்லர் பட்டறையில் அதற்கு மூசை என்று பெயர். இக்கட்டுரை அந்தச் சொல்லையே கொள்கிறது. புடம் என்பது சித்த மருத்துவச் சொல். அங்கே சூட்டின் அளவை வறட்டிகளின் எண்ணிக்கையால் குறித்தார்கள். வெப்பமானி இல்லாத காலத்தில், எரிப்பதை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எரிக்க வேண்டும் என்ற கவலை அதில் தெரிகிறது. யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1875இல் கொண்டுவந்த வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயரிட்டார். இத்துறையைத் தமிழில் எழுதும் முயற்சி அவ்வளவு பழையது.

வரலாறு

கலத்தின் எடை ஒரு பெரிய கேள்வியையே தீர்த்துவைத்தது பிரெஞ்சு வேதியியலர் லவாய்சியேயின் கையில். தண்ணீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் நெடுநாள் காய்ச்சினால் அடியில் வெள்ளையாக மண் படிகிறது. ஆகவே நீர் மண்ணாக மாறுகிறது என்று அன்று பலர் நம்பினர். 1768 அக்டோபரில் லவாய்சியே, ஆவியான நீர் குளிர்ந்து மறுபடி அடிக்கே திரும்பும் 'பெலிகன்' என்ற கண்ணாடிக் கலத்தைத் தேர்ந்தார். வெறும் கலத்தை எடை பார்த்தார். பலமுறை வாலைவடித்த மழைநீரை ஊற்றி மூடி மறுபடி எடை பார்த்தார். பிறகு 101 நாள் விடாமல் சூட்டில் வைத்தார். நீரில் மெல்லிய செதில்கள் மிதக்கத் தொடங்கின. மூடிய கலத்தின் மொத்த எடை மாறவில்லை. வெளியிலிருந்து எதுவும் உள்ளே வரவில்லை என்பது அதனால் தெளிவாயிற்று. நீரை வெளியே ஊற்றி, கலத்தை உலர்த்தித் தனியே நிறுத்தபோது அது 17 கிரெய்னுக்குச் சற்று மேல், இன்றைய கணக்கில் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக, எடை இழந்திருந்தது. மண் வந்த இடம் கண்ணாடி. செதில்களையும் நீரில் கரைந்திருந்ததையும் சேர்த்துப் பார்த்தால் 20 கிரெய்ன் இருந்தது. இடையே உள்ள அந்த 3 கிரெய்ன் வேறுபாட்டை அவர் மறைக்காமல் எழுதிவைத்தார். வெறும் கலத்தை முதலிலேயே எடை போட்டு வைத்திராவிட்டால் நூறு நாள் உழைப்பும் வீணாகியிருக்கும்.

ஆயினும் மாறா எடையை ஒரு நடைமுறையாக்கியவர் பெர்லினில் வாழ்ந்த மார்ட்டின் ஹைன்ரிச் க்ளாப்ராத் (1743–1817). 1789இல் யுரேனியத்தையும் ஜிர்கோனியத்தையும் அடையாளம் கண்டவர் இவர். வீழ்படிவைக் காற்றில் உலர்த்தி நிறுக்கும் பழக்கத்தை விட்டு, எடை மாறாத நிலை வரும்வரை காய்ச்சிய பிறகே நிறுத்தார். அரைக்கும் உரலிலிருந்து கனிமத்தோடு சேர்ந்துவிடும் சிலிக்காவைக்கூடக் கணக்கில் கழித்தார். கூட்டிப் பார்த்து நூறு வராவிட்டால் அன்றைய வேதியியலர் எண்களைச் சரிக்கட்டி எழுதுவது வழக்கம். க்ளாப்ராத் கிடைத்ததை அப்படியே அச்சிட்டார். அந்தக் குறைவைத் துரத்திப்போனதால்தான் புதிய தனிமங்கள் அகப்பட்டன.

அடுத்து வந்த ஸ்வீடன் நாட்டுப் பெர்சீலியஸ் ஏறத்தாழ 2,000 சேர்மங்களைப் பகுப்பாய்ந்து அணு எடை அட்டவணைகளை வெளியிட்டார். ஸ்டாக்ஹோமில் அவருடைய ஆய்வகம் வீட்டுச் சமையலறையை ஒட்டியே இருந்தது. சமையல் செய்த அன்னா சுண்ட்ஸ்ட்ரோம் என்ற பெண்ணே கண்ணாடிக் கலங்களையும் கழுவி வைத்தார். 1823இல் அங்கே பயில வந்த வோலர் ஒரு காட்சியைப் பதிவு செய்திருக்கிறார்: கழுவும்போது ஒரு பாத்திரத்தில் ஆக்சிஜனேற்ற மூரியாடிக் அமில வாடை அடிக்கிறதென்று அன்னா பழைய பெயரைச் சொல்ல, இனி அதைக் குளோரின் என்று சொல்ல வேண்டும் என்று பெர்சீலியஸ் திருத்தினாராம். பெர்சீலியஸின் எண்கள் இன்றைய மதிப்புகளை அவ்வளவு நெருங்கி நிற்பதில், பாத்திரத்தில் மிஞ்சிய வாடையை மோந்து சொன்ன அந்தப் பெண்ணுக்கும் பங்கு உண்டு. வேதியியல் வரலாறுகள் அவரை ஒரு வரியில் கடந்துபோவது நியாயமல்ல.

சாம்பல் அதிகம் மிஞ்சாத வடிதாளும் பிளாட்டின மூசையும் பெர்சீலியஸின் காலத்தில் வழக்குக்கு வந்தன. 1878இல் அமெரிக்கரான கூச், அடியில் துளையிட்ட மூசையில் கல்நார்ப் படலம் பரப்பி, வடிப்பதையும் நிறுப்பதையும் ஒரே கலத்தில் முடித்தார். அணு எடைகளைத் துல்லியமாக அளந்ததற்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்ற டி. டபிள்யூ. ரிச்சர்ட்ஸ், உருக்கி உலர்த்திய உப்பை ஈரக்காற்றே படாமல் எடைக்குப்பிக்குள் தள்ளி மூட ஒரு கருவி அமைத்தார்.

ஆஸ்திரேலியாவில் இக்கலை தங்கத்தோடு வந்தது. 1855இல் திறந்த சிட்னி நாணயச்சாலைக்குத் தங்க மாற்றுப் பார்ப்பவராக வந்த வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸுக்கு வந்து இறங்கும்போது வயது 19. 1859 வரை அங்கே இருந்தார். பின்னாளில் பொருளியல் அறிஞராகப் பெயர் பெற்ற இவர், வாட்ஸின் வேதியியல் அகராதிக்குத் தராசு பற்றியும் தங்க மாற்று பற்றியும் எழுதியிருக்கிறார். மாற்றுப் பார்க்கும்போது மாதிரியை வெள்ளியோடு ஈயத்தகட்டில் சுற்றி எலும்புச்சாம்பல் குப்பியில் உருக்குவார்கள். ஈயத்தைக் குப்பி உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துவிட்டு, மிஞ்சும் பொன்சுருளைக் காய்ச்சித் தனியாக நிறுப்பார்கள். கலத்தை நிறுக்கத் தேவையில்லாத அரிய எடையறி முறை இது.

செய்முறை

கழுவிய மூசையில் எண்ணைக் குறித்து, பிறகு பயன்படப்போகும் அதே வெப்பநிலையில் காயவைக்க வேண்டும். வீழ்படிவோடு 800 டிகிரிக்கு ஏறப்போகும் பீங்கான் மூசையை 110 டிகிரி ஓவனில் மட்டும் உலர்த்தி எடை குறிப்பது பயனற்ற வேலை. சூட்டோடு தராசில் வைத்தாலும் தவறு: மூசையைச் சுற்றிச் சூடான காற்று மேலெழுவதால் எடை குறைவாகக் காட்டும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட மூடிய கலமான டெசிகேட்டரில் அரைமணி நேரம் ஆறவிடுவதே சரி. ஒவ்வொரு முறையும் அதே அரைமணி நேரமாக இருக்க வேண்டும். டெசிகேட்டரின் கிரீஸ் தடவிய மூடியை உடனே இறுக மூடினால் உள்ளே விரியும் காற்று அதைத் தூக்கித் தள்ளும். ஆறியபின் உள்ளே அழுத்தம் குறைந்து மூடி திறக்க வராது. வலிந்து இழுத்தால் உள்ளே பாயும் காற்று வீழ்படிவைப் பறக்கடிக்கும். மூடியை முதலில் சிறிது திறந்து வைத்து, பிறகு பக்கவாட்டில் நகர்த்தி மூடுவதுதான் வழி. சிலிக்கா ஜெல் நீலமாக இருக்கும்வரை வேலை செய்யும். இளஞ்சிவப்பானால் ஓவனில் காயவைத்துத் திரும்பப் போட வேண்டும். விரல் படக்கூடாது, இடுக்கிதான்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பி.எஸ்சி. வேதியியல் மாணவர்கள் ஈயத்தை லெட் குரோமேட்டாகவும், நிக்கலை டைமீத்தைல் கிளையாக்சிமோடு சேர்ந்த செந்நிற வீழ்படிவாகவும் அளக்கப் பழகுகிறார்கள். சின்டர்டு மூசையின் நுண்துளைத் தட்டில் அந்தச் சிவப்பு, பட்டுநூல் குவியல் போலப் படிந்திருக்கும். 110 முதல் 120 டிகிரியில் உலர்த்திய எடையை 0.2032ஆல் பெருக்கினால் நிக்கலின் எடை. நேரம் போதாதென்று இரண்டாம் எடையைப் பார்க்காமலே முதல் எடையை ரெக்கார்டில் திரும்ப எழுதிவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. இந்தச் சோதனை கற்பிக்க வந்த ஒரே விஷயத்தை அது அழித்துவிடுகிறது.

கேரம் டவுன்ஸ் வட்டாரத்தில்

மாறா எடை கல்லூரிக்கு வெளியேயும் வேலை செய்கிறது. மெல்பர்னின் தென்கிழக்கில் உள்ள கேரம் டவுன்ஸைத் தமிழர்கள் சிவா விஷ்ணு கோயிலால் அறிவார்கள். கோயிலுக்கு வடக்கே, பேங்ஹோமில், 1975 முதல் இயங்கும் கிழக்குச் சுத்திகரிப்பு நிலையம் நகரின் கழிவுநீரில் ஏறத்தாழ 40 சதவீதத்தை ஏற்கிறது. 2012இல் அங்கே மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு சேர்ந்தது. இத்தகைய நீரின் தரத்தைச் சொல்லும் அளவுகளில் ஒன்று மிதக்கும் திண்மம். கண்ணாடியிழை வடிதாளைக் கழுவி, 103 முதல் 105 டிகிரியில் உலர்த்தி, ஆறவைத்து எடை குறிப்பார்கள். தெரிந்த அளவு நீரை அதில் வடித்து, மறுபடி உலர்த்தி நிறுப்பார்கள். நீர் எவ்வளவு தெளிவோ அவ்வளவு குறைவாகவே தாளில் படியும். சில மில்லிகிராம் மட்டுமே சேரும்போது, வெறும் தாளின் எடையில் ஒரு மில்லிகிராம் பிசகினால் முடிவு தலைகீழாகும்.

வட்டாரத்தில் பெரும்பகுதி பழைய கேரம் சதுப்புநிலம். 19ஆம் நூற்றாண்டில் வாய்க்கால் வெட்டி அதை வடித்தார்கள். புதுவீடு கட்டுமுன் செய்யும் மண் பரிசோதனையிலும் இதே வேலைதான்: மூடியுள்ள தகர டப்பாவை நிறுத்து, ஈரமண்ணோடு நிறுத்து, 105 முதல் 110 டிகிரியில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி மறுபடி நிறுக்கிறார்கள். சதுப்புக்குரிய மக்கு மண்ணுக்கு இந்தச் சூடு அதிகம். நீரோடு கரிமப்பொருளும் போய்விடலாம் என்பதால் குறைந்த வெப்பநிலையில் அதிக நேரம் உலர்த்துவது நல்லது.

இன்று

மின்னணுத் தராசுகள் வந்தபின் எடைப்பெட்டியும், தராசுத் தண்டில் நகர்த்தும் சிறு கம்பி எடையான ரைடரும் மறைந்தன. ஈர அளவை நிமிடங்களில் சொல்லும் கருவிகளும் உள்ளன.