புகார் நகரத்து இந்திர விழா: ஓர் இளவேனிற் பெருவிழாவின் சமூக அடிப்படை

விழாக்களைப் பற்றிய நம்மவர் ஆய்வுகள் பெரும்பாலும் சமய ஆய்வுகளாகவே அமைந்துவிடுகின்றன. எத்தெய்வத்துக்கு எவ்விழா எடுக்கப்பட்டது என்ற வினாவோடு அவை நின்றுவிடுகின்றன. ஒரு நகரம் ஏன் விழா எடுக்கின்றது, அவ்விழாவில் அது எதனைப் போற்றுகின்றது, எதற்கு அஞ்சுகின்றது ஆகிய வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. காவிரிப்பூம்பட்டினம் எனவும் புகார் எனவும் வழங்கிய சோழர் துறைமுக நகரத்தில் இளவேனிற் காலத்தே நிகழ்ந்த இந்திர விழாவை இவ்வினாக்களின் அடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சான்றுகளைப் பற்றிச் சில சொல்லுதல் வேண்டும். இந்திர விழா என்னும் பெயர் ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியிலேயே காணப்படுகின்றது. பட்டினப்பாலை புகாரின் ஓயாத விழாக்களையும் கொடிகள் செறிந்த வீதிகளையும் பேசுகின்றது. எனினும் விழாவின் முழுமையான வருணனையைச் சிலப்பதிகாரத்தின் இந்திர விழவூரெடுத்த காதையிலும் மணிமேகலையின் விழாவறை காதையிலுமே காண்கின்றோம். இவ்விரு காப்பியங்களின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. காப்பியப் புலவன் வரலாற்றாசிரியன் அல்லன். ஆயினும் அவன் கற்பனையிற் கட்டிய நகரமும் அவன் அறிந்த நகர வாழ்வின் மீதே கட்டப்படுகின்றது. 1962ஆம் ஆண்டையடுத்து இந்தியத் தொல்லியல் துறையினர் நடத்திய அகழ்வாய்வுகளிற் கீழையூரிற் செங்கற்றுறையும், வானகிரியில் நீர்த்தேக்கமும், பல்லவனீச்சரத்திற் பௌத்த விகாரையும் வெளிப்பட்டன. விழாவின் ஒவ்வொரு செய்தியையும் மண்ணிலிருந்து மெய்ப்பிக்க இயலாது. ஆனால் அவ்விழாவைத் தாங்கக்கூடிய ஒரு நகரம் அங்கு இருந்தது என்பதில் ஐயமில்லை.

சித்திரையும் வைகாசியும் தமிழர் வகுத்த இளவேனிற் பருவமாகும். சித்திரைத் திங்களில் முழுமதி சித்திரை நாண்மீனோடு கூடும் நாளில் விழா தொடங்கியது. வச்சிரக் கோட்டத்து முரசு யானையின் பிடரியில் ஏற்றப்பட்டு நகரெங்கும் விழாச் செய்தி அறிவிக்கப்பட்டது. காவிரி நீரைப் பொற்குடங்களிற் சுமந்து வந்து இந்திரனுக்கு நீராட்டினர். தொல்காப்பியம் இந்திரனை, அதாவது வேந்தனை, மருத நிலத்துக்குரியவனாகக் கூறுகின்றது. வயல் நிலத்துத் தெய்வத்துக்கு நெய்தல் நிலத்துத் துறைமுகம் ஒன்று விழா எடுப்பது முதற்பார்வையில் முரணாகத் தோன்றும். ஆனால் புகாரின் வாழ்வு கடலை மட்டும் நம்பியதன்று. காவிரி பாய்ந்த வயல்களின் நெல்லும், அவ்வாற்றின் வழியே உள்நாட்டோடு இருந்த தொடர்பும் இன்றேல் அத்துறைமுகம் இல்லை. கடலோர நகரம் ஆற்று நீரால் மழைக்கடவுளை நீராட்டியதிற் புகாரின் பொருளாதாரமே அடங்கியுள்ளது எனலாம்.

அடுத்து நோக்கற்பாலது விழா நிகழ்ந்த இடங்கள். புகார் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு கூறாக இருந்தது. யவனரும் பிற நாட்டு வணிகரும், நெசவாளரும் கொல்லரும் தச்சரும், மீனும் உப்பும் கள்ளும் விற்போரும் கடலை அடுத்த மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்தனர். அரசனும் பெருவணிகரும் அந்தணரும் வேளாளரும் பட்டினப்பாக்கத்தில் இருந்தனர். இரண்டுக்கும் இடையே, மரங்களே தூண்களாக அமைந்த நாளங்காடி இருந்தது. விழாவின் முதற்பலி அங்கிருந்த காவற் பூதத்துக்கே இடப்பட்டது. மறக்குடிப் பெண்டிர் புழுக்கலும் எள்ளுருண்டையும் பொங்கலும் படைத்து, துணங்கையும் குரவையும் ஆடி, பசியும் நோயும் பகைமையும் அகன்று மழையும் வளமும் பெருகுக என வாழ்த்தினர். இரு பகுதியினரும் நாள்தோறும் சந்தித்த ஒரே பொதுவிடம் சந்தை. விழா அரண்மனை முற்றத்தில் அன்றிச் சந்தை நடுவே தொடங்கியமை கருதத்தக்கது.

பின்னர் ஐவகை மன்றங்களிலும் பலி கொடுக்கப்பட்டது. வெள்ளிடை மன்றம் பண்டசாலையிற் களவு செய்வோனைக் காட்டிக்கொடுப்பது. இலஞ்சி மன்றத்துப் பொய்கை உடற்குறையுடையோரைக் குணப்படுத்துவது. நெடுங்கல் மன்றம் பித்தும் நஞ்சும் தீர்ப்பது. பூதசதுக்கத்துப் பூதம் பொய்ச்சாட்சி கூறுவோர் முதலிய தீயோரைத் தண்டிப்பது. பாவை மன்றத்துப் பாவை, அரசனின் செங்கோல் கோடினால் கண்ணீர் சொரிவது. இவற்றைப் புராணக் கதைகள் என ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இவை ஐந்தையும் ஒருங்கு வைத்து நோக்கும்போது ஒரு துறைமுக வணிக நகரத்தின் அடிப்படைத் தேவைகளே தெய்வ வடிவம் பெற்றிருப்பதைக் காணலாம். பண்டத்துக்குப் பாதுகாப்பு, மக்களுக்கு நலவாழ்வு, சாட்சியில் உண்மை, ஆட்சியில் நீதி ஆகியன நிலைத்தாலன்றி வேற்று நாட்டு வணிகன் அத்துறையில் நங்கூரம் இடான். ஆகவே இந்திர விழாவிற் புகார் மக்கள் வானுலகக் கடவுளை வழிபட்டதோடு, தமது நகர வாழ்வு தங்கியிருந்த நம்பிக்கைகளையும் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டனர்.

இத்தகைய அடித்தளத்தின் மீதே விழாவின் கலையும் களிப்பும் எழுந்தன. மணிமேகலை கூறும் இருபத்தெட்டு நாள் விழாவில் வீதிகளிற் பழைய மணல் மாற்றிப் புதுமணல் பரப்பப்பட்டது. வாழையும் கமுகும் கரும்பும் நடப்பட்டன. நிறைகுடமும் பாவை விளக்கும் வைக்கப்பட்டன. நல்லுரை ஆற்றுவோர் பந்தர்களிலும், சமயவாதிகள் பட்டிமண்டபத்திலும் அமர்ந்து பேசுமாறும், பகைவரோடும் சினம் கொள்ளாது விலகிச் செல்லுமாறும் முரசறைவோன் அறிவித்தான். பல மொழியினரும் பல சமயத்தவரும் கூடிய நகரில் விழாக்காலம் பூசலுக்குரிய காலமாகவும் மாறக்கூடும் என்பதை அவ்வறிவிப்பே உணர்த்துகின்றது. மலர்வனம் புக்க காதையில் வரும் வீதிக்காட்சி இன்னும் உயிர்ப்புடையது. சமணத் துறவியைக் கேலி செய்யும் கள்ளுண்ட களிமகன், பித்தன் ஒருவனின் கோலம், பேடியின் கூத்து, மாடச் சுவர்களின் ஓவியம், விழாக்கோலம் பூண்ட சிறுவர் ஆகியவற்றைக் கூட்டம் கூட்டமாக நின்று மக்கள் வேடிக்கை பார்க்கின்றனர். மாதவி ஆடிய பதினோராடல் தேர்ந்த கலை. இவையோ தெருக்கலை. இரண்டுக்கும் அவ்விழாவில் இடம் இருந்தது.

ஆயினும் விழாவின் ஒளி எல்லோர் மீதும் ஒரே வகையாக விழவில்லை. நகரமே களித்திருந்த நாளிற் கணவனைப் பிரிந்த கண்ணகியின் இடக்கண்ணும், அவனோடு கூடியிருந்த மாதவியின் வலக்கண்ணும் துடித்ததாக இளங்கோ கூறுகின்றார். விழா முடிவில் நிகழ்ந்த கடலாடலின்போதே மாதவியும் கோவலனும் பிரிகின்றனர். மணிமேகலையில் விழா மீண்டும் வருகின்றது. துறவை நாடிய மாதவி ஆடரங்குக்கு வரவில்லை. அவள் வராமையை ஊரார் அலராகத் தூற்றுகின்றனர். கணிகையின் கலையை வேண்டிய நகரம் அவளது துயரை மதிக்கவில்லை. விழாவின் சிறப்பைப் பாடிய புலவர்களே இக்குறையையும் மறையாது காட்டியமை அவர்தம் நேர்மைக்குச் சான்றாகும்.

விழாவை மறந்தால் நகரம் அழியும் என்ற அச்சம் மணிமேகலையில் தொடக்கத்திலேயே ஒலிக்கின்றது. பீலிவளை பெற்ற மகன் கடலில் இழக்கப்பட்ட துயரால் நெடுமுடிக்கிள்ளி விழாவை மறந்தான். நகரைக் கடல் கொண்டது. அம்மகனைப் பீலிவளை கம்பளச் செட்டியிடம் ஒப்படைத்த மணிபல்லவத்தை நயினாதீவு எனக் கொள்ளும் ஆய்வாளரும் உளர். கடல்கோளுக்குச் சாபம் காரணமாகாது. ஆனால் தன் துயரில் மூழ்கிய அரசன் பொதுக்கடமையை மறந்தான் என்ற குற்றச்சாட்டு அக்கதையின் உட்பொருளாக உள்ளது. விழா அரசனின் கொடையன்று, நகரத்தின் உரிமை என்ற எண்ணம் இதிற் புலப்படுகின்றது.

பிற்காலத்தில் இந்திரன் தமிழர் வழிபாட்டிற் பின்தள்ளப்பட, இளவேனில் விழாக்கள் கோயிலைச் சார்ந்தன. மதுரையிற் பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபம் வசந்த விழாவுக்காக அமைந்ததே. நம் ஊர்க் கோயில்களில் எழுந்தருளி மூர்த்திகள் வீற்றிருக்கும் இடத்தை இன்றும் வசந்த மண்டபம் என்றே அழைக்கின்றோம். வடமராட்சிக் கரையிலுள்ள வல்வெட்டித்துறையில் முத்துமாரியம்மன் கோயில் மகோற்சவத்தின் தீர்த்தம் சித்திரை முழுமதியன்று நிகழ, அன்றிரவு ஊரவர் வீதியெங்கும் விளக்கும் இசையுமாக எடுக்கும் விழா இந்திர விழா என்றே வழங்குகின்றது. 1938இல் பாய்மரக்கப்பலொன்றை அமெரிக்கா வரை செலுத்திய கடலோடிகளின் ஊர் அது. புகாரிலிருந்து வல்வெட்டித்துறை வரை அறாத மரபொன்று தொடர்ந்தது எனச் சான்றின்றிக் கூறுதல் ஆய்வு நெறியாகாது. ஆயினும் கடலை நம்பி வாழும் மக்கள் அதே நிறைமதி நாளில் அதே பெயரால் வீதியில் ஒன்றுகூடுவது சிந்தனைக்குரியது.

புகாரின் மன்றங்கள் மறைந்தன. அவற்றின் பூதமும் பாவையும் கதையாயின. களவில்லாச் சந்தையும் பொய்யில்லாச் சாட்சியும் கோடாத ஆட்சியும் வேண்டி மக்கள் ஒருங்கு கூடிய நினைவு மட்டும் ஏட்டில் எஞ்சியுள்ளது. இன்று நாம் எடுக்கும் விழாக்கள் வெறும் அலங்காரமாக முடியாதிருக்க வேண்டுமாயின், அவற்றின் நடுவே நாம் எவ்வறங்களை நிறுத்துகின்றோம் என்று கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை தேடுதல் வரலாறு கற்போர் தம் ஊருக்கு ஆற்றவேண்டிய கடமைகளுள் ஒன்றாகும்.