காத்திருக்கும் வாசகன் – ஒரு வரலாற்று நோக்கு

சங்க அகப்பாடல்களிலே முல்லைத் திணைக்கு உரிப்பொருளாக அமைவது இருத்தல். கார்காலத்தில் மீள்வேன் என்று சொல்லிச் சென்ற தலைவன், கார் தொடங்கிய பின்னரும் வாராதிருப்பான். அப்போது தோழி, இது பருவமழையன்று, காலமல்லாக் காலத்துப் பெய்த மழையே எனக் கூறித் தலைவியைத் தேற்றுவாள். அறிவிக்கப்பட்ட மாதம் கழிந்தும் தாம் விரும்பிய நூல் கடைக்கு வராதபோது, ஆங்கிலச் சித்திரக்கதைகளினதும் மாயக்கற்பனை நாவல்களினதும் ரசிகர்கள் தம்மைத் தேற்றிக்கொள்வதும் ஏறக்குறைய இவ்வாறே. முன் வந்த பாகத்தை மீண்டும் படிப்பர். அடுத்து நிகழப்போவதை ஊகிப்பர். அறிவித்த திகதிக்குப் புதுப்பொருள் காண்பர். இக்காத்திருப்பு எவ்வாறு தோன்றியது? அது வாசகனுக்கு இழைக்கப்படும் அநீதியா? இவ்வினாக்களை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வது பயனுடைத்து.

தவணை குறிக்கப்படாதவிடத்துத் தாமதம் என்பதும் இல்லை. குறித்த நாளில் அடுத்த பகுதி வரும் என்ற வாக்குறுதியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடர்கதைகள் பரவலாக்கின. சார்ல்ஸ் டிக்கன்ஸின் முதல் நாவலான ‘பிக்விக் பேப்பர்ஸ்’ 1836 முதல் மாதந்தோறும் ஒரு சிலிங் விலையில் பகுதி பகுதியாக வெளிவந்தது. 1837 மே மாதத்தில் அவருடைய மைத்துனி மேரி ஹோகார்த் பதினேழாம் வயதில் திடீரென இறந்தார். துயரத்தால் டிக்கன்ஸ் எழுதவியலாது போகவே, அடுத்த மாதத்துப் பகுதி வெளிவரவில்லை. ஓயாது எழுதியவர் எனப் பெயர்பெற்ற அவருக்கும் எழுதவொண்ணாத நாள்கள் இருந்தன. 1870 யூன் மாதத்தில் அவர் மறைந்தபோது, பன்னிரண்டு பகுதிகளாகத் திட்டமிடப்பட்ட ‘எட்வின் ட்ரூட்’ நாவலில் ஆறு பகுதிகளே எழுதப்பட்டிருந்தன. எஞ்சிய பகுதிக்கான காத்திருப்பு முடிவற்றதாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்காவில் வளர்ந்த சித்திரக்கதைத் தொழில் இந்நிலையை மாற்ற முயன்றது. கதை எழுத ஒருவர், பென்சிலால் வரைய ஒருவர், அதன்மீது மை தீட்ட ஒருவர், எழுத்துப் பொறிக்கவும் வண்ணமிடவும் வேறு சிலர் என வேலை பங்கிடப்பட்டது. ஒருவர் பிந்தினால் அவரிடத்தில் இன்னொருவரை அமர்த்தலாம். படைத்தவர் பெயர் அச்சேறாமலே வெளிவந்த இதழ்கள் பல. குறித்த மாதத்தில் இதழ் வந்தது உண்மையே. எனினும், எக்கலைஞனும் மாற்றீடு செய்யத்தக்கவன் என்ற எண்ணமே அவ்வொழுங்கின் அடித்தளமாய் இருந்தது என்பதை மறக்கலாகாது.

ஓரிதழுக்கும் அடுத்த இதழுக்கும் இடைப்பட்ட காலத்தை வாசகர் வீணாக்கவில்லை. இதழ்களின் கடிதப் பகுதியில் பிழை சுட்டினர். எதிர்காலக் கதைப்போக்கை விவாதித்தனர். 1960களின் தொடக்கத்தில் டீ.சீ. நிறுவன ஆசிரியர் யூலியஸ் சுவார்ட்ஸ் கடிதம் எழுதியோரின் முகவரிகளையும் வெளியிட்டமையால், வெவ்வேறு ஊர்களிலிருந்த ரசிகர்கள் தமக்குள் தொடர்புகொள்ள வழி பிறந்தது. 1961 இல் ஜெரி பெய்ல்ஸ் என்பவர் ரோய் தோமஸின் துணையுடன் ‘ஆல்ரர் ஈகோ’ என்னும் ரசிகர் சஞ்சிகையைத் தொடங்கினார். அதே தோமஸ் 1965 இல் மார்வெல் நிறுவனத்தில் எழுத்தாளராகச் சேர்ந்து, 1972 இல் அதன் பிரதம ஆசிரியரானார். காத்திருந்த வாசகனே படைப்பவனாக மாறியமைக்கு இது தக்க சான்றாகும்.

1970களில் சித்திரக்கதைகளுக்கெனத் தனிக்கடைகள் பெருகின. அங்கு வந்தோர் கதாநாயகனின் பெயரை மட்டுமன்றி, எழுதியவர், வரைந்தவர் பெயர்களையும் நாடி வாங்கினர். இக்கடைகளுக்கெனவே டீ.சீ. நிறுவனம் 1982 இல் தொடங்கிய பன்னிரண்டு இதழ்த் தொடர் ‘கெமலொட் 3000’. ஆர்தர் மன்னன் மூவாயிரமாம் ஆண்டில் மீண்டெழுவதே அதன் கதை. பிரயன் பொலன்ட் நுணுக்கமாக வரைபவர்; விரைந்து வரைபவர் அல்லர். பதினொராம் இதழ் 1984 யூலைத் திகதியைத் தாங்கி வந்தது. இறுதி இதழ் தாங்கிய திகதியோ 1985 ஏப்பிரல். முந்திய தலைமுறையாயின் வேறொருவரைக் கொண்டு அவ்விதழை முடித்திருப்பர். இங்கு அவ்வாறு நிகழவில்லை. கலைஞனின் மதிப்பு உயர்ந்தமையின் விலையாகவே இத்தாமதத்தைக் கொள்ளவேண்டும்.

சித்திரக்கதையில் பிற்காலத்தே தோன்றிய இந்நிலை, மாயக்கற்பனை நாவலில் முன்னரே காணப்பட்டது. ஒக்ஸ்போர்ட் பேராசிரியரான டொல்கீனின் ‘ஹொபிட்’ 1937 செப்ரெம்பரில் வெளிவந்து வெற்றிபெற்றதும், வெளியீட்டாளர் தொடர்நூல் கேட்டார். அவ்வாண்டு டிசெம்பரில் தொடங்கிய எழுத்து, போர்க்காலத்தையும் ஆசிரியப் பணிகளையும் கடந்து 1949 அளவிலேயே முடிவுற்றது. ‘மோதிரங்களின் தலைவன்’ எனப் பொருள்படும் அந்நாவல், தாளின் விலையேற்றம் காரணமாக மூன்று பாகங்களாகப் பிரிக்கப்பட்டது. முதலிரு பாகங்களும் 1954 யூலையிலும் நவம்பரிலும் வெளிவந்தன. கதாநாயகன் பகைவர் கையில் உயிரோடு அகப்பட்ட நிலையில் இரண்டாம் பாகம் முடிந்தது. மூன்றாம் பாகம் வந்ததோ 1955 ஒக்டோபர் 20 இல். கதை முடிந்திருந்தும் பிந்தியமைக்கு முக்கிய காரணம், கற்பனை உலகின் அரச மரபுகள், நாட்காட்டிகள், எழுத்து முறைகள் ஆகியவற்றை விளக்கும் பின்னிணைப்புகளே. எந்நிறைவுக்காக வாசகர் அவ்வுலகை நேசித்தனரோ, அந்நிறைவே அவர்களைக் காக்கவும் வைத்தது.

இவ்வழியில் வந்த பிற்காலத்தார் காத்திருப்பை மேலும் நீட்டினர். ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996 இல் தொடங்கிய நாவல் தொடரின் மூன்றாம் நூல் 2000 இலும், நான்காவது 2005 இலும், ஐந்தாவது 2011 இலும் வெளிவந்தன. அத்தொடரைத் தழுவிய தொலைக்காட்சி நாடகம், நூல்கள் முடிவடையாதிருக்கவே, 2019 இல் தன் முடிவைக் கண்டது. 1990 இல் ‘காலச்சக்கரம்’ என்னும் பொருள்படும் தொடரைத் தொடங்கிய ரொபர்ட் ஜோர்டன் 2007 இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு பிரண்டன் சான்டர்சன் எழுதிய இறுதி நூல் 2013 இல் வெளிவந்தது.

முற்பாகங்களைப் பணங்கொடுத்து வாங்கியவன் முடிவைக் கேட்க உரிமையுடையவன் என்பர் ஒருசாரார். வாங்கிய நூல் கையிலிருக்க, எழுதப்படாத நூலுக்குக் கடன் எவ்வாறு உண்டாகும் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுகளும் முழுமையானவை அல்ல. திகதி குறித்து விளம்பரஞ் செய்து விற்பவர் அவ்வாக்கைக் காக்கக் கடமைப்பட்டவர். அதனை மீறுமிடத்து வாசகனின் முறைப்பாடு நியாயமானதே. ஆயின், எழுத்து முற்றுப்பெறுவதற்கு நாட் குறிக்கும் உரிமை வாசகனுக்கு இல்லை. இன்னாரின் கையெழுத்தும் இன்னாரின் தூரிகையுமே வேண்டும் என்று தேர்ந்தவன், அக்கைக்குரிய நோயையும் துயரையும் மரணத்தையும் சேர்த்தே ஏற்கின்றான்.

முல்லைத் தலைவி வேறொருவனைத் தேடாது காத்திருந்தாள். ஆயினும் அவள் வாளாவிருந்தாள் அல்லள். தோழியோடு பேசினாள், மழையையும் பூவையும் ஆராய்ந்தாள். வாசகரின் காத்திருப்பும் கடிதமாகவும் சஞ்சிகையாகவும் சில வேளைகளிற் புதிய எழுத்தாளராகவும் பயன்தந்துள்ளது. ஆதலின் பதிப்புலக வரலாற்றை எழுதப் புகுவோர், நூல்கள் வெளிவந்த ஆண்டுகளோடு அவை வாராதிருந்த ஆண்டுகளையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.