பிரிய மறுத்த பசை

பழைய பாய்மரப் படகு வைத்திருக்கும் அமெரிக்கர்களைக் கேட்டுப் பாருங்கள்... புயலைவிட ஜன்னலைத்தான் அதிகம் திட்டுவார்கள்!

1960, 70-களில் கட்டிய ஃபைபர்கிளாஸ் படகுகளின் கேபினில், அலுமினியச் சட்டம் போட்ட ஜன்னல்களைப் பசை தடவிப் பதித்தார்கள். வருஷம் போகப்போக ஓரத்தில் தண்ணீர் கசியும். படுக்கை நனையும். உள்பலகை ஊறி இற்றுப்போகும். 'சரி, கழற்றிப் புதுசா ஒட்டலாம்' என்று போனால், ஸ்குரூவை எல்லாம் எடுத்த பிறகும் சட்டம் அசையாது. தண்ணீருக்கு வழிவிட்ட பசை, மனுஷனுக்கு மட்டும் விடாது!

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு.

1926. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி. ஜோசப் பேட்ரிக், நாதன் ம்னூக்கின் என்ற இரண்டு கெமிஸ்ட்டுகள், குளிரில் ரேடியேட்டர் தண்ணீர் உறையாமலிருக்க மலிவான ஒரு திரவம் தேடினார்கள். கிடைத்தது, குடலைப் பிடுங்கும் நாற்றத்தோடு ஒரு கோந்து! அது லேப் ஸிங்க்கை அடைத்துக்கொண்டது. எந்த ரசாயனத்தை ஊற்றியும் கரையவில்லை. எரிச்சலின் உச்சத்தில்தான் பொறி தட்டியது. 'எதிலுமே கரையாத பொருளா? அதுதானே வேணும்!' கந்தகம், பசை இரண்டுக்குமான கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'தயோகால்' என்று பெயர் வைத்தார்கள். 1929-ல் கம்பெனி பிறந்தது. நாற்றம் தாங்காமல் ஊர்க்காரர்கள் கூச்சல் போட, நியூஜெர்ஸிக்கு மூட்டை கட்டியது.

பாலிசல்ஃபைடு எனும் அந்த ரப்பர், விமானங்களின் எரிபொருள் டாங்க்கில் கசிவை அடைத்தது. படகுகளின் இடுக்குகளுக்கும் வந்தது. கரையாத குணமும் கூடவே வந்துவிட்டதே! அதனால் கழற்ற வழக்கமான வழி, அறுப்பதுதான். மெல்லிய தகட்டுக் கத்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செருகுவார்கள். அல்லது, கம்பியின் இரு முனையிலும் கட்டை கட்டி, ரம்பம் போல இழுப்பார்கள். அவசரப்பட்டு நெம்பினால் சட்டம் வளைந்துவிடும்.

சரி, அவ்வளவு பிடிப்புள்ள பசை ஏன் கசிகிறது? வெயிலில் சட்டம் விரியும், குளிரில் சுருங்கும். அலை அடித்தால் படகே நெளியும். வயதான பசையோ விறைத்துப்போய், கூடவே நெளிய மறுக்கிறது. எங்கோ ஒரு மயிரிழை இடைவெளி... போதாதா?

இதே பாடம் பிற்பாடு தயோகால் கம்பெனிக்கே கிடைத்தது, பயங்கரமான விலையில். ராக்கெட் எரிபொருளில் இறங்கி வளர்ந்த அந்தக் கம்பெனிதான் சேலஞ்சர் விண்கலத்தின் பூஸ்டர்களைச் செய்தது. பூஸ்டர் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் வேறு ரகம்தான். ஆனால் குளிரில் அதுவும் விறைக்கும் என்று ரோஜர் பாய்ஜாலி உள்ளிட்ட கம்பெனி இன்ஜினீயர்கள் முந்தின இரவே எச்சரித்தார்கள். மேலிடம் கேட்கவில்லை. 1986 ஜனவரி 28, கிளம்பிய 73-வது விநாடியில் சேலஞ்சர் சிதறியது. ஏழு பேர் பலி.

விஷயம் தெரிந்த படகுக்காரர்கள், புதுப் பசை போடும்போது ஸ்குரூவை ஒரேயடியாக முறுக்க மாட்டார்கள். முறுக்கினால் பசை முழுக்க வெளியே பிதுங்கிவிடும். நெளிந்து கொடுக்க, உள்ளே கொஞ்சம் தடிமன் மிஞ்ச வேண்டும், இல்லையா?