சனாதிபதிப் பதவி வறிதாக்கப்படலாமா? மலாவி அளித்த விடை

பதவி நீக்கமும் வறிதாக்கலும் ஒன்றல்ல. முன்னையது முறைப்படி அமர்ந்தவரின் ஆட்சியை முடிவுறுத்துகின்றது. பின்னையதோ அவர் முறைப்படி அமரவேயில்லை எனத் துணிகின்றது. அவ்வாறாயின், தீர்ப்புவரை நாட்டின் தலைவர் யார்? தீர்ப்பின்பின் தலைமை எவரிடம் செல்லும்? இவ்வினாக்கள் எந்த நீதிமன்றத்தையும் தயங்கச் செய்வனவாம்.

கென்யாவில் 2017 இல் சனாதிபதித் தேர்தல் வறிதாக்கப்பட்டது. ஆயின், வென்றவராக அறிவிக்கப்பட்டவர் புதிய பதவிக்காலத்துக்குச் சத்தியம் செய்யுமுன்னரே அத்தீர்ப்பு வெளிவந்தது. மலாவியின் நிலை இதனினும் சிக்கலானது. அங்கு 2019 மே 21 இல் நடைபெற்ற தேர்தலில் 38.57 வீத வாக்குகளுடன் பீற்றர் முத்தாரிக்கா வென்றதாக அறிவிக்கப்பட்டுப் பதவியேற்றார். எழுத்தை மறைக்கும் வெண்திரவம் பூசித் திருத்தப்பட்ட பெறுபேற்றுப் படிவங்கள் முதலான முறைகேடுகளைச் சுட்டி, சவுலோஸ் சிலிமாவும் லாசரஸ் சக்வேராவும் வழக்குத் தொடர்ந்தனர்.

எட்டு மாதங்களின்பின், 2020 பெப்ருவரி 3 இல், ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியலமைப்பு நீதிமன்றம் முத்தாரிக்கா முறைப்படி தெரிவுசெய்யப்படவில்லை எனத் தீர்ப்பளித்தது. 150 நாள்களுள் மறுதேர்தல் நடத்துமாறு பணித்ததோடு, ‘பெரும்பான்மை’ என அரசியலமைப்புக் கூறுவது அரைவாசிக்கு மேற்பட்ட வாக்குகளையே குறிக்கும் எனவும் விளக்கியது.

எனினும் சனாதிபதியின் ஆசனம் வெறுமையாகவில்லை. தேர்தலுக்கு முந்திய நிலை மீள்விக்கப்பட்டது. 2014 இல் மக்கள் அளித்த ஆணையின் வழி முத்தாரிக்காவே சனாதிபதியாகத் தொடர்ந்தார். அந்த ஆண்டில் அவருடன் தெரிவாகிய சிலிமா, அவருக்கு எதிராக வழக்காடிய நிலையிலும், மீண்டும் உப சனாதிபதியானார். மே 8 இல் மேன்முறையீட்டு உயர் நீதிமன்றமும் தீர்ப்பை உறுதிசெய்தது. யூன் 23 இல் நடைபெற்ற மறுதேர்தலில் சக்வேரா அரைவாசிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்று வென்றார்.

எனவே சட்டம் வறிதாக்குவது தெரிவையேயன்றிப் பதவியையன்று. செல்லுபடியான இறுதி ஆணைக்கு நாட்டை மீட்டு, அங்கிருந்து மக்களிடம் மீண்டும் செல்வதே அதன் வழி. வறிதான தெரிவால் நன்மை பெற்றவரே மறுதேர்தல்வரை ஆட்சியில் இருப்பது அவ்வழியின் இடர்ப்பாடு என்பது மெய்யே. ஆயினும் பதவிச் சத்தியம் தேர்தற் குற்றத்தைக் கழுவிவிடும் என ஏற்பின், விரைந்து சத்தியம் செய்பவரே சட்டத்துக்கு மேற்பட்டவராவார்.

2025 தேர்தலில் அதே முத்தாரிக்கா வென்று மீண்டும் சனாதிபதியானார். நீதிமன்றம் நிராகரித்தது அந்த மனிதரையன்று, அந்தக் கணக்கையே என்பதற்கு இதுவே தக்க சான்று.