எந்த சிப் ஜெயிக்கும்? ஓவர்கிளாக்கிங் பந்தயத்தின் சின்ன சரித்திரம்

சென்ற பழைய மாணவர் கூட்டத்தன்று, பந்தியிலிருந்து எழுந்து கை கழுவப் போகும்போது, இரண்டாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் தம்பி ஒருவர் துண்டுக் காகிதத்தோடு என்னை வழிமறித்தார். "சார், ஒரு காலேஜ் விழாவில ஓவர்கிளாக்கிங் போட்டி வைக்கப் போறாங்களாம். மூணு பிராசசர் எழுதி வச்சிருக்கேன். எதை வாங்கலாம்னு சொல்லுங்க" என்றார். வாங்கிப் பார்த்தேன். அன்றைக்குக் கடையில் கிடைத்தவற்றில் விலை உயர்ந்த மூன்றை வரிசையாக எழுதியிருந்தார். "என்ன டெஸ்ட் வைக்கிறாங்க?" என்று கேட்டேன். "அது இன்னும் தெரியாது சார்" என்றார்.

ஈரக் கையோடு நின்று சொல்லி முடிக்கிற விஷயமா அது? மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு நச்சரித்தபோது, அந்தத் தம்பிக்குச் சொல்ல வேண்டிய பாக்கியை இங்கேயே தீர்த்துவிடலாம் என்று தோன்றியது. மற்ற துறை நண்பர்கள் பொறுத்தருள்க.

பிராசசர் ஒரு தாளத்துக்கு ஏற்ப வேலை செய்கிறது. அந்தத் தாளத்தைக் கம்பெனி குறித்துக் கொடுத்ததைவிட வேகமாக்குவதுதான் ஓவர்கிளாக்கிங். இது நேற்று முளைத்த பழக்கம் அல்ல. 1984-ல் ஐ.பி.எம். வெளியிட்ட பி.சி. ஏ.டி. கம்ப்யூட்டர் 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதன் தாளத்தைக் கொடுத்தது 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று. அதைப் பிடுங்கிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைச் செருகினால் கம்ப்யூட்டர் 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும். சில டாலர் செலவில் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடுதல்! இதைப் பார்த்த ஐ.பி.எம்., பின்னால் வந்த பயாஸில் ஒரு சோதனையைச் சேர்த்து, வேகம் கூடியிருந்தால் இயந்திரம் கிளம்பாதபடி செய்துவிட்டது. கம்பெனிக்கும் ரசிகனுக்கும் நடுவே அன்றைக்குத் தொடங்கிய மல்லுக்கட்டு இன்னும் ஓயவில்லை.

எந்த சிப்பைத் தேர்ந்தெடுப்பது என்பதே ஒரு கலையானது 1998-ல்தான். அந்த ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று இன்டெல் ஒரே நாளில் இரண்டு சரக்குகளை இறக்கியது. ஒன்று பென்டியம் II 450, விலை 669 டாலர். மற்றொன்று ஏழைகளுக்கான செலரான் 300ஏ, விலை 149 டாலர். பிராசசரின் வேகம் என்பது பஸ் வேகத்தை ஒரு பெருக்கல் எண்ணால் பெருக்கி வருவது. செலரானுக்கு 66 மெகாஹெர்ட்ஸ் பஸ், பெருக்கல் எண் நாலரை, ஆக 300. குறைந்த வேக சிப்பின் மேல் இருக்கும் எழுத்தைச் சுரண்டிவிட்டு அதிக வேகம் என்று அச்சடித்து விற்கிற கும்பல்கள் அப்போது பெருகியிருந்தன. அதனால் இன்டெல் பெருக்கல் எண்ணைப் பூட்டிவிட்டது. பஸ்ஸைப் பூட்டவில்லை! 66-ஐ 100 ஆக்கினால் நாலரை மடங்கு 450. அதாவது 149 டாலர் சிப், 669 டாலர் சிப்பின் வேகத்தில் ஓடும்.

ஓடும் என்று எப்படித் தைரியமாகச் சொன்னார்கள்? இங்கேதான் ரசிகர்களின் மூளையைப் பாராட்ட வேண்டும். இரண்டு சிப்பும் 0.25 மைக்ரான் முறையில் செய்யப்பட்டவை. பென்டியம் II அந்த முறையில் 450-ஐத் தொட்டுக் காட்டிவிட்டது. பென்டியம் II-க்கு 512 கிலோபைட் கேஷ் நினைவகம் தனிச் சில்லுகளாகப் பக்கத்தில் அமர்ந்து, பாதி வேகத்தில் ஓடியது. செலரானுக்கு 128 கிலோபைட்தான். ஆனால் அது பிராசசருக்குள்ளேயே இருந்து முழு வேகத்தில் ஓடியது. உடன் ஓடுகிறவன் களைத்துப்போய் நம்மைப் பிடித்து இழுக்கிற தொல்லை இல்லை.

அதைவிட நுட்பமான கணக்கு ஒன்று உண்டு. செலரானில் 333 என்று இன்னொரு சிப்பும் அதே நாளில் வந்தது. கூடக் கொஞ்சம் விலை, கூடக் கொஞ்சம் வேகம். விவரம் தெரியாதவன் அதைத்தான் வாங்குவான். ஆனால் அதன் பெருக்கல் எண் ஐந்து. பஸ்ஸை 100-க்கு ஏற்றினால் 500 ஆகிவிடும். அந்த வேகத்தில் பல சிப்புகள் மூச்சு வாங்கிப் படுத்துவிட்டன. 300ஏ-வின் நாலரைதான் சரியான எண். மலிவான சிப் என்பதால் அல்ல, எண் பொருந்தியது என்பதால்தான் அது ஜெயித்தது. மதர்போர்டு முரண்டு பிடித்தால், பிராசசர் அட்டையில் பி21 என்ற தொடுமுனை மீது ஒரு துண்டு டேப்பை ஒட்டுவார்கள். இது 100 மெகாஹெர்ட்ஸ் சிப்தான் என்று மதர்போர்டு நம்பிவிடும். ஏபிட் பி.எச்.6 மதர்போர்டு வைத்திருந்தவர்களுக்கு அந்த டேப்பும் வேண்டாம். பயாஸ் திரையிலேயே மாற்றிக்கொள்ளலாம். (2000-ல் ஏ.எம்.டி. தண்டர்பேர்டு, டியூரான் சிப்புகளின் பூட்டைச் சாதாரண பென்சில் கோட்டால் திறந்த கதையும் உண்டு. அது இன்னொரு மலருக்கு.)

வீட்டுக்குள் நடந்த இந்த விளையாட்டு, 2000-களின் பிற்பாதியில் மதர்போர்டு கம்பெனிகளே மேடை போட்டு நடத்துகிற பந்தயமாயிற்று. வெப்பம் வேகத்தோடு கூடும், வோல்டேஜின் இருமடிக்கும் ஏற்பக் கூடும். 1.2 வோல்ட்டை 1.5 ஆக்கினால், வேகத்தைத் தொடாமலேயே ஒன்றரை மடங்குக்கு மேல் சூடு. ஆகவே பிராசசர் தலையில் செம்புக் குவளையை உட்கார வைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனை ஊற்ற ஆரம்பித்தார்கள். நம் ஊர் மாட்டாஸ்பத்திரியில் சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சிகளைப் போட்டு வைக்கிற கேனில் இருக்கிறதே, அதே திரவம்தான். போர்டில் பனி படிந்து தண்ணீராகாமல் இருக்க வாசலினைத் தடவுவார்கள். (ஜன்னலைச் சாத்திவிட்டு ஹாஸ்டல் அறையில் இதைச் செய்து பார்க்காதீர்கள் தம்பிகளே. நைட்ரஜன் ஆவியாகி அறையிலிருக்கும் ஆக்ஸிஜனைத் தள்ளிவிடும். மயக்கம் சொல்லிக்கொண்டு வராது.)

இப்போது தேர்வுக் கணக்கே மாறிவிட்டது. எந்த சிப் குளிரைத் தாங்கும்? சில சிப்புகள் ஒரு குறிப்பிட்ட குளிருக்குக் கீழே போனால் அப்படியே அணைந்துவிடும். ரசிகர் பாஷையில் இதற்கு 'கோல்டு பக்' என்று பெயர். இன்டெல் கோர் 2 வகையில் பலவற்றுக்கு இந்த வியாதி இருந்தது. ஏ.எம்.டி.யின் முதல் பினாமுக்கும் இருந்தது. 2009 ஜனவரியில் வந்த பினாம் II-க்கு இல்லை. கடைக்கு வருகிறவருக்கு அது நடுத்தர சிப், நைட்ரஜன்காரர்களுக்கோ வரப்பிரசாதம்.

அடுத்தது, பந்தயம் எதற்கு என்பது. கொங்கு நாட்டு ரேக்ளா பார்த்தவர்களுக்குத் தெரியும், 200 மீட்டருக்கு ஒரு ஜோடி, 300 மீட்டருக்கு வேறு ஜோடி பூட்டுவார்கள். இங்கேயும் அப்படித்தான். வெறும் மெகாஹெர்ட்ஸ் எண்ணுக்கு ஒரு பந்தயம். பை எண்ணைப் பத்து லட்சம் இலக்கத்துக்குக் கணக்கிடும் சூப்பர் பை போன்ற நிரலை எத்தனை வினாடியில் முடிப்பது என்று ஒரு பந்தயம். அந்த நிரலின் மூலம் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கனடா ஆய்வுக் குழு 1995-ல் எழுதியது. அது ஒரே ஒரு கோரில்தான் ஓடும். மூன்றாவதாக, எல்லா கோரையும் ஒன்றாக விரட்டுகிற சோதனைகள்.

மெகாஹெர்ட்ஸ் பந்தயத்தில் நெடுநாள் கோலோச்சியது எது தெரியுமா? செலரான் டி 352. சாதாரணமாக 3.2 ஜிகாஹெர்ட்ஸில் ஓடுகிற, யாரும் சீண்டாத மலிவு சிப். பென்டியம் 4 பரம்பரையில் வந்தது. வேலையை 31 சின்னச் சின்னப் படிகளாக உடைத்துச் செய்வதால், ஒவ்வொரு படியும் லேசு, தாளத்தை ஏற்றிக்கொண்டே போகலாம். நைட்ரஜன் ஊற்றி 8 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேல் கொண்டு போனார்கள். ஆனால் அதைச் சூப்பர் பைக்கு உட்கார வைத்தால், 2006 ஜூலையில் வந்த கோர் 2 டியூவோ பாதி மெகாஹெர்ட்ஸில் சாவகாசமாக ஓடியே அதை முந்திவிடும். ஒரு தாளத்துக்கு எவ்வளவு வேலை என்பதுதான் அங்கே கேள்வி.

இதன் உச்சம் 2011 ஆகஸ்ட் 31. ஏ.எம்.டி. தன் எஃப்.எக்ஸ்-8150 சிப்பைத் திரவ ஹீலியத்தில் குளிப்பாட்டி 8.429 ஜிகாஹெர்ட்ஸ் ஓட்டி, கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது. எட்டு கோர் சிப்தான். ஆனால் சாதனையின்போது இரண்டு கோரை மட்டும் விழிக்க வைத்து மற்ற ஆறையும் தூங்க வைத்துவிட்டார்கள். விதி அதற்கு இடம் கொடுத்தது. இரண்டே மாதத்தில் அதே சிப் கடைக்கு வந்தபோது, நான்கே கோர் உள்ள இன்டெல் ஐ5-2500கே பல சோதனைகளில் அதைத் தோற்கடித்தது. வாங்கியவர்கள் வயிறெரிந்தார்கள். ஆனாலும் மெகாஹெர்ட்ஸ் மகுடம் எஃப்.எக்ஸ் குடும்பத்தை விட்டு 2022 வரை நகரவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த இன்டெல் ஐ9-13900கே சிப்பை எடுத்துக்கொண்டு, எல்மோர் என்ற பெயரில் அறியப்படும் ஸ்வீடன்காரர் டிசம்பரில் ஹீலியம் ஊற்றி 9 ஜிகாஹெர்ட்ஸைத் தாண்டினார்.

இனி மனசை உறுத்துகிற ஒரு விஷயம். ஒரே பெட்டி, ஒரே பெயர், ஒரே விலை. உள்ளே இருக்கிற சிப் ஒவ்வொன்றும் வேறு. ஒன்று குறைந்த வோல்டேஜில் சிரித்துக்கொண்டே ஓடும், பக்கத்துப் பெட்டி முக்கி முனகும். அதனால் பந்தயக்காரர்கள் பத்து, இருபது என்று வாங்கிச் சோதித்து, நல்லதை வைத்துக்கொண்டு மீதியை விற்றுவிடுவார்கள். கம்பெனி ஆதரவு உள்ளவருக்குத் தட்டு தட்டாக சிப் வரும். நம் தம்பியிடம் இருப்பது ஒன்று. இது திறமைப் போட்டியா, பணப் போட்டியா என்ற சண்டை இந்தக் களத்தில் எப்போதும் உண்டு. அமெரிக்காவில் சிலிக்கான் லாட்டரி என்ற கடையே இருந்தது. சோதித்துத் தரம் பிரித்த சிப்பைக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். 2021-ல் மூடிவிட்டார்கள். கம்பெனிகளே சிப்பின் தெம்பையெல்லாம் டர்போ என்ற பெயரில் முன்கூட்டியே பிழிந்துவிடுவதால், பிரித்து எடுக்க மிச்சம் அதிகம் இல்லாமல் போயிற்று.

ஏழைக்கும் வழி இருந்திருக்கிறது. 2014-ல் பென்டியம் பெயரின் இருபதாம் ஆண்டுக்காக இன்டெல் பூட்டில்லாத ஜி3258 சிப்பை 72 டாலருக்கு விட்டது. ஒரு பெரிய சிப்பின் விலையில் நான்கைந்து வாங்கிப் பொறுக்கலாம். எரிந்தால் அழ வேண்டாம். எச்.டபிள்யூ.பாட் என்ற உலகத் தரவரிசையிலும், ஒவ்வொரு பிராசசர் மாடலுக்கும் தனித்தனிப் பட்டியல் வைத்துப் புள்ளி கொடுத்தார்கள். பரணில் கிடந்த பென்டியம் 4-ஐத் தூசி தட்டி எடுத்துப் புள்ளி சேர்த்தவர்கள் ஏராளம்.

தம்பியின் விதித்தாள் போன மாதம் வந்துவிட்டதாம். காற்றாடிக் குளிர்விப்பு மட்டும், நைட்ரஜன் கிடையாது. ஒரே கோர் ஓடுகிற சோதனை ஒன்று, எல்லா கோரும் ஓடுகிற சோதனை ஒன்று. அவர் முதலில் எழுதிய மூன்றில் இரண்டு, எல்லா கோரும் ஓடும்போது கக்குகிற சூட்டைக் காற்றாடி தாங்காது என்று அவரே அடித்துவிட்டார். மிஞ்சிய ஒன்றின் கீழே கோர் எண்ணிக்கை குறைந்த ஒரு பழைய சிப்பின் பெயரை எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு எனக்கு அனுப்பியிருக்கிறார்.