டெல்லியும் இல்லை, நீலக்கல்லும் இல்லை

இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில இருக்கிற ஒரு கல்லுக்குப் பெயர் 'டெல்லி பேர்ப்பிள் சஃபயர்'. டெல்லியின் ஊதா நீலக்கல் எண்டு சொல்லலாம். இந்தப் பெயரில ஊதா மட்டும்தான் சரி. கல் நீலக்கல் இல்லை, அமெதிஸ்ட். தமிழில் செவ்வந்திக்கல். அதோட சேர்த்துச் சொல்லப்படுகிற கதையின்படி பார்த்தாலும் அது எடுக்கப்பட்ட ஊர் கான்பூர், டெல்லி இல்லை.

நீலக்கல் அலுமினியம் ஒட்சைட்டு. அமெதிஸ்ட் குவார்ட்ஸ் வகை. அதுக்குள்ள இருக்கிற கொஞ்ச இரும்பும், சுற்றியுள்ள பாறையிலிருந்து வரும் இயற்கைக் கதிர்வீச்சும் சேர்ந்து ஊதா நிறத்தைக் கொடுக்கிறது. கடினத்தில் நீலம் 9, இது 7. இரத்தினபுரியில கல் பார்க்கிற ஆக்களிட்ட இரண்டையும் மாத்திச் சொன்னால் சிரிப்பினம். ஒரு காலத்தில் அமெதிஸ்ட் அரச குடும்பத்துக் கல். 19ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் ஏராளமாகக் கிடைக்கத் தொடங்கியபிறகு விலை விழுந்துபோனது. ஆகவே இந்தக் கல்லைப் பிரபலமாக்கியது அதன் விலை இல்லை. அதோட வந்த ஒரு கடிதம்.

கடிதத்தை எழுதியவர் எட்வர்ட் ஹெரன்-அலன். வயலின் செய்வது பற்றிப் புத்தகம் எழுதினவர், பாரசீகம் படித்து உமர் கயாமை மொழிபெயர்த்தவர், கடலின் நுண்ணுயிர்களை ஆராய்ந்து றோயல் சொசைற்றி உறுப்பினரானவர். இவ்வளவும் ஒரே ஆள். 1904 ஒக்டோபரில் எழுதிய அந்தக் கடிதம் சொல்வது இதுதான்: 1857 கிளர்ச்சி நேரம் கான்பூரில் இருந்த இந்திரன் கோயிலில் இருந்து இந்தக் கல் கொள்ளையடிக்கப்பட்டது. கேணல் ஃபெரிஸ் எண்டவர் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அவருக்கும் மகனுக்கும் காசும் போனது, உடம்பும் போனது. கொஞ்சநாள் வைத்திருந்த ஒரு நண்பர் தற்கொலை செய்துகொண்டார். 1890இல் கல் ஹெரன்-அலனிடம் வந்தது. அவர் அதை ஒரு பாடகிக்குக் கொடுத்தார். அவவின் குரல் போய்விட்டது. ரீஜன்ட்ஸ் கால்வாயில் எறிந்தார். மூன்று மாதத்தில், கால்வாயைத் தூர்வாரின ஒருவரிடம் அதை வாங்கின வியாபாரி திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். கடைசியில் ஏழு பெட்டிக்குள்ள வைத்து வங்கிக்கு அனுப்பினார். தான் செத்து 33 வருஷத்துக்கு வெளிய எடுக்கக்கூடாது எண்டு சொல்லியும் வைத்தார்.

அவர் 1943இல் இறந்தார். ஒரு வருஷம்கூட ஆகமுதல், 1944 ஜனவரியில், மகள் அதை நூதனசாலைக்குக் கொடுத்துவிட்டா.

இந்தக் கதையை நம்பலாமா? 1921இல் கிறிஸ்டோபர் பிளேயர் எண்ட புனைபெயரில் ஒரு சிறுகதைத் தொகுதி வந்தது. அதில ஒரு கதையின் பெயர் 'தி பேர்ப்பிள் சஃபயர்'. எழுதினது வேற ஆளில்லை, ஹெரன்-அலன்தான். கதையை நம்பவைக்கவே கடிதத்தை உருவாக்கியிருக்கலாம் எண்ட சந்தேகம் நூதனசாலைப் பக்கமே இருக்கு. எனக்கு இடிக்கிறது இந்திரன் கோயில்தான். இந்தியாவில் இந்திரனுக்கெண்டு தனிக்கோயில் மிக அரிது. சிவன் கோயில் எண்டு எழுதியிருந்தால்கூட யோசித்திருப்பன். கோயிலில் திருடின இந்தியக் கல், அதைத் தொடர்கிற சாபம் எண்டது இங்கிலாந்து வாசகருக்கு ஏற்கெனவே பழகின விஷயம். வில்கி கொலின்ஸின் 'தி மூன்ஸ்டோன்' 1868இலேயே வந்துவிட்டது.

ஆனால் கதை பொய் எண்டாலும் கொள்ளை பொய்யில்லை. 1857இல் டெல்லியைத் திரும்பப் பிடித்தபிறகு, பறித்த பொருட்களைச் சேர்த்து விற்றுப் படையினருக்குப் பங்குபிரிக்கவே 'பிரைஸ் ஏஜன்ட்' எண்டு அதிகாரிகள் நியமிக்கப்பட்டார்கள். கான்பூரில் பிபிகரில் பிரித்தானியப் பெண்களும் பிள்ளைகளும் கொல்லப்பட்டதுக்குப் பழிவாங்கல் எவ்வளவு கொடூரமாக நடந்தது எண்டதும் பதிவில இருக்கு. சாபக்கதையில இதெல்லாம் ஒரு வரியில முடிந்துபோகும். பிறகு வருகிற கஷ்டம் முழுக்கக் கல்லை எடுத்தவனுக்கும் அவன்ர நண்பர்களுக்கும்தான். கோயிலில கும்பிட்ட ஒருத்தரும் கதைக்குள்ள இல்லை. கொள்ளைக்காரனே பாதிக்கப்பட்டவன் ஆகிறான். கேட்கிற எங்களுக்கும் அவனில பாவமா இருக்கு!

கனிமம் சேர்க்கிறவர்கள் அமெதிஸ்டைப் பராமரிக்கச் சொல்லித்தருவது எளிய விஷயங்கள்: நேரடி வெயில் படவிடாதே, கனகாலம் பட்டால் நிறம் மங்கும். சூடாக்காதே, சில நூறு பாகை வெப்பத்தில் ஊதா போய் மஞ்சளாகிவிடும். இளஞ்சூட்டுத் தண்ணி, மெல்லிய தூரிகை போதும். (ஏழு பெட்டிக்குள்ள இருட்டில வைத்தது, சாபத்தை விடுங்கோ, கல்லின் நிறத்துக்கு நல்லதுதான்.) இதைவிட முக்கியமாக அவர்கள் சொல்வது, மாதிரியோட இருக்கிற துண்டைத் தொலைக்காதே எண்டு. எந்த நாடு, எந்தச் சுரங்கம், எந்தப் பாறை எண்ட விபரம் போனால் எவ்வளவு வடிவான படிகமும் ஆராய்ச்சிக்கு அரைவாசி வீண்.

ஹெரன்-அலன் விஞ்ஞானி. கடலடி மண்ணில் எடுத்த ஒவ்வொரு மாதிரிக்கும் இடம் குறிக்கிற பழக்கம் உள்ளவர். அவர் இந்தக் கல்லோட வைத்த துண்டில் சாபம் இருக்கு, கால்வாய் இருக்கு, பாடகி இருக்கிறா. எந்தப் பாறையில் இருந்து வெட்டி எடுத்தது எண்டு ஒரு சொல் இல்லை.